ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவள்

எங்கள் கண் மையத்துக்கு ரத்தம் எடுக்க ஆள் வந்த அன்று, அங்கிருந்தவர்களிலேயே எனக்குத்தான் திமிர் அதிகம். முதலில் கையை நீட்டியதும் நான்தான். “எனக்கெல்லாம் ஒண்ணும் வந்திருக்காது, எழுதிக்கோங்க” என்று லேப் ஆளிடம் சொன்னேன். அவர் ஊசியைக் குத்திக்கொண்டே, “எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஊசி பாதி, பேச்சு பாதி.

ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் மையம். சென்னையில் இருக்கும் ஒரு கண் மருத்துவமனையின் சின்னக் கிளை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் எல்லாவற்றையும் மேனேஜர்தான் பார்த்துக்கொள்வார். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு, கழுத்தில் ஐடி கார்டு தொங்க, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடியேறுவார்கள்.

கொரோனா வந்த வருடம் அது. லாக்டவுன் தளர்ந்து கம்பெனிகள் மறுபடி ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கண் வேலை செய்கிறவர்கள் நோயாளியின் மூச்சு படுகிற தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். எங்களில் எத்தனை பேருக்குத் தெரியாமலே கொரோனா வந்து போயிருக்கிறது என்று பார்க்கத் தலைமை மருத்துவமனை ஏற்பாடு செய்தது. மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற டெஸ்ட், நோய் இப்போது இருக்கிறதா என்று சொல்லும். இந்த ரத்த டெஸ்ட் வேறு. நோய் முன்பே வந்து போயிருந்தால் உடம்பு அதை எதிர்க்கச் செய்து வைத்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். அது இருக்கிறதா என்று பார்ப்பது.

எனக்கு இருக்காது என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். என் கணவருக்குச் சர்க்கரை. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்பார்களே, அப்படி இருந்தேன். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் முகத்துக்குப் பிளாஸ்டிக் கவசம். மணிமங்கலத்தில் வீட்டுக்குள் நுழையும் முன் கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டுத்தான் காபித் தண்ணியையே தொடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே, பரிசோதனை அறைத் தரையில் சிவப்பு டேப்பில் ஒரு கோடு ஒட்டியிருந்தேன். நோயாளி நாற்காலியிலிருந்து சரியாக ஒரு மீட்டர். என் ஸ்டூல் அந்தக் கோட்டைத் தாண்டாது.

எங்கள் மையத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா அதற்குப் பார்டர் என்று பெயர் வைத்திருந்தாள். “இன்னா மேடம், கண்ணு பாக்குறீங்களா, காவல் காக்குறீங்களா?” என்பாள். அவளோ ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு ஒருத்தியாக இடித்துக்கொண்டு வருவாள். மாஸ்க் பாதி நேரம் தாடையில் தொங்கும். “உனக்கு ஒரு நாள் இல்ல ஒரு நாள் வரப்போவுது பாரு” என்று நான் அவளைத் திட்டாத நாளில்லை.

இந்த இடத்தில் என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்களிடம் பவர் பார்க்க ஒரு மெஷின் இருந்தது. லாக்டவுனில் மையம் மூடிக்கிடந்தபோது எலி அதன் வயரைக் கடித்துவிட்டது. ஆகவே எல்லாமே கையால்தான். டார்ச் மாதிரி ஒரு கருவி, ரெட்டினோஸ்கோப் என்று பெயர். அதன் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடித்து லேசாக ஆட்டினால், கண்மணிக்குள்ளே சிவப்பாக ஒரு ஒளி நகரும். முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, அந்த நகர்வு எந்த லென்ஸில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிக் கிடைத்த எண்ணிலிருந்து, நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கென்று ஒரு கணக்கைக் கழிக்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் ஒன்றரை. எனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த இடத்தில் கருவியில் ஒரு நூலைக் கட்டி, நூல் இழுபட்டு நிற்கிற தூரத்திலேயே உட்காரப் பழக்கினார்கள். பதினோரு வருடமாக என் கை நீட்டுகிற தூரமே எனக்கு அளவு. ஒன்றரையைக் கழிப்பது மூச்சு விடுகிற மாதிரி தானாக நடக்கும்.

ஸ்டூலை ஒரு மீட்டருக்குத் தள்ளியபோது கழிக்க வேண்டிய எண்ணும் மாறும் என்பது முதல் வருடப் பாடம். ஒரு மீட்டருக்கு ஒன்றுதான் கழிக்க வேண்டும். என் ஸ்டூல் போனது, என் மனக்கணக்கு போகவில்லை. லென்ஸை எட்டிப் போட்டுவிட்டு, சட்டென்று பின்னால் போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்து, பழையபடி ஒன்றரையைக் கழித்துக்கொண்டிருந்தேன். பார்த்த ஒவ்வொருவருக்கும் மைனஸில் அரைப் பவர் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. இது அப்போது எனக்குத் தெரியாது. சின்ன வயதுக் கண்கள் அந்த அரையை இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடும். எழுத்து இன்னும் கருப்பாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்வார்கள். டார்ச்சில் பார்த்து முடித்தபின் எழுத்துச் சார்ட்டை வைத்து நிதானமாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே அறையில் அதிக நேரம் வேண்டாமென்று அதையும் நான் அரைகுறையாக முடித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்று சிலர் திரும்பி வந்தார்கள். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பதில் இருக்கிறது. “ஒரு வாரம் போடுங்க, பழகிடும்.” அக்காவுக்கும் நான்தான் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தேன். “இதைப் போட்டா அரிசியில கல்லே தெரிய மாட்டேங்குது மேடம், கழட்டினாதான் தெரியுது” என்றாள். அவளுக்கும் அதே பதில்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ரத்தம் எடுத்துப் பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. மேனேஜர் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ். எப்போதோ வந்து போயிருக்கிறது.

நான் நம்பவில்லை. பேர் மாறிப்போயிருக்கும், ட்யூப் மாறிப்போயிருக்கும் என்று சண்டை போட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால், ஆடி மாதத்தில் இரண்டு நாள் சாம்பார் வாசனையே இல்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது. நம் சமையல் லட்சணம் இதுதானே என்று விட்டிருந்தேன். என் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கர்த்தர் காப்பாற்றினார்.

எங்கள் மையத்தில் நெகட்டிவ் வந்தவர்களில் அக்காவும் ஒருத்தி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, “எனுக்கு ஒண்ணியும் இல்லியாம் மேடம். உங்க பார்டரு இன்னா ஆச்சு?” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூக்குடைபட்டது என்றால் இதுதான்.

அந்த வாரம் வந்த டாக்டர், ஆன்டிபாடி இருப்பதால் இனிமேல் வரவே வராது என்று அர்த்தமில்லை, மாஸ்க்கைக் கழற்றாதே என்று எச்சரித்தார். மாஸ்க்கைக் கழற்றவில்லை. ஆனால் உள்ளே இருந்த பயம் பாதி போய்விட்டது. எனக்கு என் மேலேயே கோபமாகவும் இருந்தது. இத்தனை மாதம் ஒட்டிவைத்துக் காத்த கோடு எதைத் தடுத்தது? உட்கார்ந்து நகத்தால் சுரண்டி டேப்பைப் பிய்த்தெறிந்தேன். ஸ்டூலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அவள் வந்தாள். சேரப்பணஞ்சேரிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு செக்கிங். வட்ட விளக்குக்குக் கீழே பூதக்கண்ணாடி வழியாக நாள் முழுக்க சர்க்யூட் போர்டுகளைப் பார்த்து, எதில் குறை என்று கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. மூன்று மாதத்துக்கு முன் என்னிடம்தான் கண்ணாடி வாங்கினாள்.

“தலைவலி மேடம். பழகிடும்னு சொன்னீங்க, பழகல” என்றாள்.

மீதியைக் கோர்வையாகச் சொன்னாள். கம்பெனியில் அப்போது தலைவலி என்று வாயைத் திறந்தாலே கொரோனா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பதினாலு நாள். முதல் தடவை அனுப்பினார்கள், குச்சி டெஸ்ட்டில் நெகட்டிவ். திரும்பிப் போன நான்காம் நாள் மறுபடி தலைவலி, மறுபடி பதினாலு நாள், மறுபடி நெகட்டிவ். மூன்றாவது தடவை லைனிலேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை கான்ட்ராக்டர் லிஸ்ட்டிலிருந்து பேரை எடுக்கச் சொல்லிவிட்டார். கம்பெனி மெடிக்கல் ரூமில் இருக்கும் சிஸ்டர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, கண் ஆஸ்பத்திரியிலிருந்து லெட்டர் வாங்கி வா, திங்கட்கிழமை வரைக்கும் பேரை எடுக்காமல் வைக்கச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

“வூட்டுக்காரரு வண்டி லாக்டவுன்லேந்து ஓடல மேடம். என் சம்பளம் ஒண்ணுதான் இப்போ. இந்த வேலை போச்சுன்னா நாங்க அவ்ளோதான்” என்றாள்.

உட்காரவைத்துப் பார்த்தேன். என் கை நீட்டுகிற தூரத்தில். ஒன்றே கால் வந்தது. அவள் பழைய கார்டில் என் கையெழுத்தில் ஒன்றே முக்கால். மறுபடி பார்த்தேன், ஒன்றே கால்தான். மைனஸ் பவர் இந்த வயதில் ஏறும், இப்படிச் சும்மா இறங்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, எங்கள் மையத்தில் கண்ணாடி மாட்டிக் கொடுக்கிற கவுண்டரில் இருந்தவர் லென்ஸை மாற்றிப் போட்டுவிட்டார் என்று முதலில் அவர் மேல் பாய்ந்தேன். அவர் லென்ஸை அளந்து காட்டினார். நான் எழுதியது எதுவோ அதுதான் இருந்தது.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன். தரையில் டேப் பிய்த்த இடத்தில் பசை அழுக்காக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அக்கா, செத்த இங்க வந்து உக்காரு” என்று துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். கை எட்டும் தூரத்தில் ஒரு தடவை பார்த்தேன். பசைக்கோட்டில் ஸ்டூலைப் போட்டு ஒரு தடவை பார்த்தேன். சரியாக அரை வித்தியாசம். அவள் கண்ணாடியில் கூடுதலாக இருந்ததும் அந்த அரைதான். அரிசியில் கல் தெரியாததும் அதனால்தான்.

“இன்னா மேடம், பேயடிச்ச மாதிரி கீறீங்க?”

“தப்பு பண்ணிட்டேன்க்கா. அந்தக் கோடு போட்டதுலேந்து எல்லாருக்கும் தப்பா எழுதிட்டேன்.”

அவள் கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். “அய்யய்யோ, வெளில ஒரு பொண்ணு அழுவுற மாதிரி குந்திகினு கீதே, அதுக்குமா?” என்றாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த மையத்தை ஒரு பெஞ்சும் ஒரு ஃபேனுமாக ஆரம்பித்தவர். நெற்றியைத் தேய்த்தார். “அந்தப் பொண்ணுக்கு இப்பவே வேற லென்ஸ் போட்டுக் குடுங்க, நம்ம செலவு. லெட்டர் நான் தரேன்” என்றார். லெட்டரில், கண் சோர்வு காரணமாகத் தலைவலி, புதிய கண்ணாடி வழங்கப்பட்டுள்ளது என்று இரண்டு வரி. எங்கள் தப்பு என்று ஒரு சொல் இல்லை.

“சார், கண்ணாடி தப்புன்னு போட வேணாமா?”

“மேடம், யானைக்கும் அடி சறுக்கும். அதுக்காக யானை ஊரைக் கூட்டிச் சொல்லுமா? நாம கம்பெனி கம்பெனியா கேம்ப் போறவங்க. இப்படி ஒரு லெட்டர் வெளிய போச்சுன்னா இழுத்துப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். மத்தவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மாத்திக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எகிறுகிறவள் நான். அன்று கோபம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாதாரணப் பவர், லென்ஸ் கையிருப்பில் இருந்தது. அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தோம். போட்டதும், “பாரமே இல்ல மேடம்” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “பவர் கொஞ்சம் மாறியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல” என்றேன். லெட்டரை மடித்து ஐடி கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். எனக்குக் கும்பிடு வேறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையில் உட்கார்ந்தேன். மனம் அங்கே இல்லை. அவள் போட்ட கும்பிடே கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் பண்ணினாள். “சிஸ்டரு லெட்டரைப் பாத்தாங்க மேடம். கண்ணு சோர்வுன்னு போட்டுகீதே, அப்போ உன் கண்ணு வீக்கு, போர்டு செக்கிங்லாம் உனக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. வேற லைன்ல ஆள் எடுக்கலியாம். ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போவச் சொல்றாங்க.” குரலில் அழுகை இல்லை. “வேற மாதிரி ஏதாச்சும் எழுதித் தருவீங்களா மேடம்? நான் கேட்லதான் நிக்கிறேன்” என்றாள்.

கொரோனா இல்லை என்று நிரூபிக்கப்போய், கண்ணே சரியில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவள் பிழைப்பே கண்ணில். அந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை என்னுடையது. போனை வைத்துவிட்டு, மேனேஜரிடம்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தேன். அக்கா மட்டும் படியில் நின்று, “போங்க மேடம், நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஒரு ஃபாரத்தை நீட்டினார். உள்ளே போகிற வெளியாட்கள் எல்லாரும் நிரப்ப வேண்டும். பெயர், ஊர், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா. அதற்குக் கீழே, கொரோனா தொடர்பான எந்தப் பரிசோதனையிலாவது பாசிட்டிவ் வந்திருக்கிறதா? பேனா அங்கே நின்றது. இல்லை என்று ஒரு டிக் போட்டால் உள்ளே போய்விடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று மாதமாக நான் சொன்ன “பழகிடும்” எல்லாம் அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்? ஆமாம் என்று டிக் போட்டேன்.

செக்யூரிட்டி அதைப் படித்ததும் நாற்காலியோடு பின்னால் போனார். “யம்மா! பாசிட்டிவ்வா! தள்ளு, தள்ளு, அந்தாண்ட போய் நில்லு!”

“ஐயா, அது ரத்த டெஸ்ட். எப்பவோ வந்து போயிடுச்சுன்னு காட்டுறது. இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல.”

“பாசிட்டிவ்னு நீதான எழுதிகீறே? கேட்டுக்குள்ள காலை வெச்சேன்னா என் வேலை போயிரும்மா.”

அவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. சிஸ்டரையாவது வெளியே வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கால் மணி கழித்து அவர் வந்தார், நடுவயதுக்காரர். கேட்டுக்கு உள்ளே பத்தடி தள்ளி நின்றுகொண்டார். நான் வெளியே பத்தடி தள்ளி. நடுவில் இரும்புக் கேட், பின்னால் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் டெம்பரேச்சர் பார்க்க வரிசையில் நின்றிருந்தார்கள்.

“அந்தப் பொண்ணு கண்ணு நல்லா இருக்கு சிஸ்டர்!” என்று கத்தினேன்.

“என்னது?”

“கண்ணு நல்லா இருக்கு! கண்ணாடிதான் தப்பு!”

ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, “யாரு தப்பு?” என்றார்.

“நான்! நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன்! தலைவலி அதனாலதான்! அவங்களுக்குக் கொரோனாவும் இல்ல, கண்ணு வீக்கும் இல்ல! என் தப்பு!”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முகம் எரிந்தது. சிஸ்டர், “இதை எழுதித் தருவீங்களா?” என்றார்.

ஸ்கூட்டி சீட்டில் வைத்து, மருந்துச் சீட்டுப் பேடில், என் பெயர், வேலை, கை எட்டும் தூரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கணக்கில் செய்த தப்பு, அவளுடைய சரியான பவர், கண்ணாடி போட்டால் பார்வை முழுசாக இருக்கிறது என்பது வரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பவர் எழுத எனக்கு அதிகாரம் உண்டு. மையத்தின் பேரால் மன்னிப்பு எழுத அதிகாரம் இல்லை. ஆகவே என் பேரில் எழுதினேன். நீட்டினால் செக்யூரிட்டி வாங்க மாட்டேன் என்றார். “நீ தொட்ட பேப்பரை நான் தொடணுமா? அப்படியே நெஞ்சுக்கு நேரா புடிம்மா, போட்டோ எடுத்துக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு.” போலீஸ் ஸ்டேஷனில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் போல நின்றேன். சிஸ்டர் போனில் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். உள்ளே யாரிடமோ பேசினார். ஒரு யுகம் போலத் தோன்றிய நேரத்துக்குப் பின், “நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்கு வரச் சொல்லுங்க. பழைய லைன்தான்” என்றார். நான் அப்படியே ஸ்கூட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எதிரே பஸ் ஸ்டாப் நிழலில் நின்றிருந்தாள். நான் கத்தியது எல்லாம் கேட்டிருக்கிறது. சாலையைத் தாண்டி வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல நான் தயாராக வேறு இருந்தேன்.

“சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா மேடம்?” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அந்த லெட்டரைக் குடுத்தீங்க?”

வாய் வரைக்கும் வந்த மேனேஜர் பெயரை விழுங்கினேன். “ஆமா” என்றேன். படப்பை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்த போட்டோ எப்படியோ அவர்கள் லைன் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் கண்ணாடிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் மாடிப்படியில் நின்றார்கள். தலைவலிக்கு மாத்திரை போட்டவர்கள், ஆவி பிடித்தவர்கள், நிலவேம்புக் கஷாயம் குடித்தவர்கள். வராதவர்களுக்கு நானே கார்டைத் தேடியெடுத்துப் போன் பண்ணினேன். ஒருவர் போனிலேயே கண்டபடி ஏசினார், முழுசாகக் கேட்டுக்கொண்டேன். மேனேஜர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுத் தூக்கவும் இல்லை. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பவர் மெஷினின் வயரை மாற்றச் சொன்னார். அக்காவுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, “நெறைய கல்லு கீது மேடம், ரேஷன் அரிசியில” என்றாள்.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. எனக்கு நெகட்டிவ், இருந்த ஆன்டிபாடி டெஸ்ட்டில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார்கள். அக்காவுக்குப் பாசிட்டிவ். நடுவில் அவளுக்கும் தெரியாமல் வந்து போயிருக்கிறது. “மறுபடியும் பார்டரு ஒட்டப் போறீங்களா?” என்று கேட்டாள். ஊரில் அப்போது இரண்டாவது அலை என்று பேச்சு கிளம்பியிருந்தது. எனக்குப் பழையபடி பயமாக இருந்தது. டேப் இருந்த டிராயரைத் திறந்துகூடப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் சேரப்பணஞ்சேரிப் பெண் வந்தாள், நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு. நாத்தனாருக்கும் அதே கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, கண் டெஸ்ட் வேண்டும். வயர் மாற்றி மெஷின் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அதில் பார்க்கலாம் என்று வரவேற்பில் சொன்னார்களாம். “மெஷின்ல பாருங்க. ஆனா அந்த மேடமும் பாக்கணும்” என்றிருக்கிறாள்.

நாத்தனாரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் கதவோரம் நின்றுகொண்டாள். கண்ணாடிக்குள்ளிருந்த அவள் கண்கள் என் மேல் இல்லை, என் ஸ்டூல் மேல் இருந்தன. போர்டில் குறை தேடுகிற பார்வை அது. ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டேன். மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. கையை நீட்டினேன், விரல் நுனி நாத்தனாரின் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தேன்.

“சரியா கீது மேடம். பாருங்க” என்றாள்.